வேப்பிலையும் இரண்டாம் கோடும்

தெரிந்துகொள்வது நல்லது என்பதை நாம் விவாதத்துக்கு அப்பால் வைத்துவிட்டோம். அறியாமை இருள், அறிவு ஒளி என்கிற உருவகம் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து மேடைப் பேச்சுவரை நம்மைச் சூழ்ந்திருப்பதால், தெரிந்துகொண்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் பின்னால்தான் வருகிறது. அது முன்னால் வந்து நிற்கும் சந்தர்ப்பங்களும் உண்டு என்று எனக்குக் காட்டியது ஒரு விரல் நீளமுள்ள பிளாஸ்டிக் பட்டை. விஷயம் சிறியது. ஆனால் இதைப் பற்றி எழுதாமல் வேறெதைப் பற்றியும் எழுதுவது சில மாதங்களுக்கு எனக்குச் சாத்யப்படவில்லை.

2022 பிப்ரவரி. 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஜனவரியில் மறுபடியும் மூடி, பிப்ரவரி 1 அன்று எல்லா வகுப்புகளுக்குமாகத் திறந்தன. ஆறாம் வகுப்பில் இருந்த என் பெண்ணுக்குப் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் தொண்டைக் கரகரப்பு. ஓசூரில் ஒரு மருந்துக் கடையில் 250 ரூபாய் கொடுத்து வாங்கிவந்த சோதனைக் கருவி அலமாரியில் இருந்தது. ஏன் வாங்கினேன் என்றால், இருக்கட்டும் என்றுதான். குழந்தையின் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, திரவத்தில் நனைத்து, பட்டையில் சொட்டுவிட்டுப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். முதலில் 'சி' என்று போட்ட இடத்தில் கோடு வந்தது. பிறகு 'டி' என்ற இடத்தில், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உண்டு, நிழலில் பார்த்தால் இல்லை என்னும்படி இன்னொன்று.

என் பெண் கேட்ட முதல் கேள்வி, "அப்போ நான் யாருக்காவது குடுத்துட்டேனா?" என்பது. தனக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. பதினொரு வயதில் ஒரு குழந்தை தன் உடம்பைப் பிறருக்கு நேரக்கூடிய ஆபத்தாக முதலில் நினைக்கிறாள் என்பது, இரண்டு வருஷங்களில் நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை ஒழுக்கம் என்பதா, காயம் என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

*

பட்டை என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வைரஸின் மரபுப்பொருளைப் போர்த்தியிருக்கும் புரதத்தை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத நிறத்துகள்களோடு பிணைக்கப்பட்டுப் பட்டையின் ஒரு முனையில் காய்ந்து கிடக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் திரவம் ஏறும்போது அவை கிளம்புகின்றன. புரதம் இருந்தால் 'டி' கோட்டில் மாட்டிக்கொண்டு நிறம் காட்டும். கர்ப்பம் தரித்திருப்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பட்டையின் அதே தத்துவம்தான். 'சி' கோடு நோயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. திரவம் கடைசிவரை ஓடியது, பட்டை பேசும் நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. சாட்சி சொல்வதற்கு முன் சாட்சி புத்தி சுவாதீனத்தோடு இருக்கிறான் என்று உறுதி செய்வது மாதிரி.

இந்தியாவில் இதற்கு 2021 மே 19 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அனுமதி வழங்கியது. புனேயில் தயாரான கருவி. அறிகுறி உள்ளவர்களும் நோய் உறுதியானவர்களோடு நெருங்கிப் பழகியவர்களும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், கண்டபடி சோதிப்பது கூடாது என்றது அறிவுரை. கோடு வந்தால் வந்ததுதான், மறுசோதனை வேண்டாம். வராமல் அறிகுறி இருந்தால் உடனே ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும். சோதித்தவர் கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, பட்டையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அஞ்செட்டியைச் சுற்றிய மலையூர்களில் அதற்குச் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டியிருந்தது. யானை இறங்கும் மேடு.

கோடு இல்லை என்றால் நோய் இல்லையா என்ற கேள்வி நம் தர்க்க மரபுக்குப் புதியதல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை அளவைகளை வரிசைப்படுத்தும்போது அபாவத்தையும் ஒன்றாகச் சேர்க்கிறது. இல்லாமையை எப்படி அறிகிறோம் என்பதில் குமாரிலரின் வழி வந்த மீமாம்சகர்கள் அனுபலப்தியை, அதாவது காணாமையை, தனிப் பிரமாணமாகவே வைத்தார்கள். ஆனால் நிபந்தனையோடு வைத்தார்கள்: இருந்திருந்தால் காணத் தகுந்ததாக இருக்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் தரையில் குடத்தைக் காணவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்றால் குடத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, இருட்டைப் பற்றித்தான் தெரிகிறது. குழந்தை முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்ள, நுனி மூக்கோடு அவசரமாக எடுத்த மாதிரியும், நோய் தொடங்கிய முதல் நாளில் வைரஸ் பெருகுமுன் எடுத்த மாதிரியும் இருட்டறைதான். கோடு வராத பட்டையைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் காணாமையை இன்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கப்பட்ட பிழை இது.

கோடு வந்தால் மட்டும் உண்மை கைக்கு வந்துவிட்டதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் அனுமானம். கணக்கின் போக்குத்தான் முக்கியம். நோயுள்ள பத்துப் பேரில் ஏழு பேரைப் பட்டை பிடிக்கிறது, நோயற்ற ஆயிரம் பேரில் ஐந்து பேருக்குப் பொய்யாகக் கோடு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நூறு பேருக்கு நோய் இருந்தால், கோடு காணும் சுமார் 75 பேரில் 70 பேருக்கு மெய்யாகவே நோய். அதே பள்ளியில் பத்துப் பேருக்குத்தான் நோய் என்றால், கோடு காணும் 12 பேரில் 7 பேருக்கு மெய், 5 பேருக்குப் பொய். பட்டை அதே பட்டை, மூக்கு அதே மூக்கு. என் குழந்தையைப் பற்றி அந்தக் கோடு சொல்வது எவ்வளவு உண்மை என்பது, என் குழந்தையைப் பொறுத்ததாக இல்லை. ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்பதைப் பொறுத்து இருக்கிறது.

இது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலை மூடிக்கொண்டு, வீட்டுக்குள் நான் மட்டும் தெரிந்துகொண்டதாக நினைத்த விஷயம் அதன் உண்மைக்கே ஊரை நம்பியிருக்கிறது. வீட்டுச் சோதனை என்ற பெயரில் 'வீடு' என்ற சொல் ஒரு மயக்கம். சோதனை நடக்கும் இடம் வீடு, அவ்வளவுதான். அறிவு ஊரினுடையது. ஊரிடமிருந்து வாங்கிய அறிவை ஊருக்குத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள எனக்கு என்ன பாத்யதை என்று அப்போது கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வி சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கு நான் செய்த பதில்தான் சரியில்லை.

*

நோயை வீடு தெருவுக்கு அறிவிக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து. அஞ்செட்டி மாதிரி, ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் ஊரில் அந்த ஒரு கொத்து மூன்று பாஷைக்காரர்களுக்கும் புரிந்தது. தமிழ்க்காரருக்கு மாரியம்மன், கன்னடக்காரருக்கு மாரம்மா. அந்த வீட்டில் தாளிப்பு இல்லை, எண்ணெய்ச் சட்டி ஏறாது, வெளியாள் உள்ளே வருவதில்லை, தலைக்குத் தண்ணீர் விடும்வரை குழந்தை பள்ளிக்குப் போவதில்லை. எந்தச் செயலியிலும் எவரும் படம் அனுப்பாமலே எல்லோருக்கும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அடையாளத்தில் குற்றச்சாட்டு இல்லை. குழந்தைக்கு நோய் வந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அம்மன் வந்திருக்கிறாள் என்றார்கள். யாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று குழந்தை அஞ்ச வேண்டிய அவசியம் இல்லை. அவள் மேல் இறங்கியிருப்பது தெய்வம்.

இதைச் சொல்லும்போது ஏக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. வேப்பிலை பெரியம்மையை ஒழிக்கவில்லை. ஒழித்தது தடுப்பூசியும், வீடு வீடாகத் தேடிப்போன ஊழியர்களும். கடைசி நோயாளி 1975 மேயில் கண்டறியப்பட்டு, 1977இல் இந்தியா பெரியம்மையற்ற நாடாகச் சான்று பெற்றது. அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் தட்டம்மையில் போன குழந்தைகளுக்குக் கணக்கே இல்லை. வேப்பிலை கட்டிய வீட்டுத் திண்ணையில் கூழும் இளநீரும் வைத்துவிட்டுப் போன அண்டை வீட்டார் எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோய் வைக்கவும் இல்லை. ஊர் என்ற சொல்லுக்குள் சேரி எப்போதும் அடங்கியதில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு விஷயம் மிஞ்சுகிறது: அந்த அடையாளம் அறிவிப்பாக மட்டும் இல்லை. எவருடைய வேலையை எவர் எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டையும் அது தன்னோடு கொண்டுவந்தது. குறைபட்ட ஏற்பாடுதான். ஆனால் இலைக்கொத்தைப் பார்த்தவனுக்குத் தான் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்தது.

பெரியம்மை ஒழிப்பிலேயே இன்னொன்றும் உண்டு. 1970களில் தேடுதல் ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு சந்தைக்கும் டீக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். இந்த மாதிரி யாரையாவது பார்த்தாயா என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஊரில் எந்த வீட்டில் என்ன என்பது தெரியும், மறைக்கவும் தெரியாது. தகவல் சொன்னவருக்குப் பரிசு உண்டு. 1975இல் அது ஆயிரம் ரூபாய்வரை உயர்ந்தது. அன்றைய ஆயிரம் ரூபாய். அதாவது, தெரிவிப்பவனுக்கு அரசு பணம் கொடுத்தது. பள்ளிப் பிள்ளை அன்று ஊரின் கண். 2022இல் பள்ளிப் பிள்ளை ஊரின் சந்தேகம். தெரிந்துகொள்பவன் தன் கையிலிருந்து 250 ரூபாய் கொடுக்க வேண்டும்.

இடையில் வேறொன்று நடந்தது. கிருஷ்ணகிரி, 2020 மே தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே ஒரே பச்சை மாவட்டமாக இருந்தது. பட்டியல் வெளிவந்த சூட்டோடு அந்தப் பச்சையும் போய்விட்டது. அதன் பின் மற்ற இடங்களைப் போல இங்கும் நோய் அதிகாரிகளின் கைக்குப் போயிற்று. சென்னையில் நோய் கண்ட வீடுகளின் வாசலில் தகரம் அடித்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். வேப்பிலை இருந்த இடத்தில் தகரம். வீடு தெருவுக்குச் சொன்னது போய், அரசு வீட்டைப் பற்றித் தெருவுக்குச் சொல்ல ஆரம்பித்தது. 2020 டிசம்பர் 9 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால் தகரம் போன இடத்தில் வேப்பிலை திரும்பி வரவில்லை. வாசல் வெறுமையாயிற்று. பட்டை வீட்டுக்குள் வந்தது அந்த வெறுமையில்தான்: சொல்வதும் சொல்லாமல் விடுவதும் இனி உன் மனசாட்சி.

*

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருந்தாள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. அஞ்செட்டி ஓசூர்த் தொழிற்சாலைகளின் புகை எட்டாத, ஆனால் அவற்றின் ஷிப்ட் நேரம் எட்டிவிட்ட ஊர். இருட்டோடு எழுந்து, ராகிக் களியைக் கிண்டி வைத்துவிட்டு, தேன்கனிக்கோட்டை மலைப்பாதையில் போய் இருட்டோடு திரும்பும் பலரில் அவளும் ஒருத்தி. அவள் பையனும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. மத்தியானம் ஒரே தட்டில் தின்பார்கள்.

பட்டையில் கோடு வந்தது செவ்வாய்க்கிழமை. நான் அவளிடம் சொன்னது வியாழக்கிழமை. நடுவில் இரண்டு நாள் கோடு நிஜமாகவே கோடுதானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேலே சொன்ன கணக்கையெல்லாம் அப்போதுதான் போட்டேன். எவ்வளவு நாணயமான சந்தேகம், எவ்வளவு சௌகரியமான சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அறிவுக்கு எல்லை உண்டு என்பது பெரிய தத்துவம்தான். சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுகிறவனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. இந்தக் கட்டுரையின் வாசகர்களாகிய நாம் எல்லோரும் அந்தத் துணையை ஏதாவதொரு சமயத்தில் நாடியிருப்போம்.

வியாழன் ராத்திரி அவள் பஸ்ஸை விட்டு இறங்கிவரும்போது தெருவில் நிறுத்திச் சொன்னேன். பையனை இரண்டொரு நாள் பார்த்துக்கொள், நீயும் ஜாக்கிரதையாக இரு என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கோபமில்லாமல், சொன்னாள்:

"சொல்லாமலே இருந்திருக்கலாம்ணா. தெரியாம வேலைக்குப் போனா அது வேற. இப்ப தெரிஞ்சே போகணும்."

மறுநாள் காலை அதே பஸ்ஸில் போனாள். பையனுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை, அவளுக்கும் இல்லை. அதனால் என் பிரச்னை தீர்ந்துவிடவில்லை.

*

முடியும் என்பதே வேண்டும் என்பதற்கு முன்நிபந்தனை என்பார்கள், காண்டின் பெயரால். செய்ய முடியாததை ஒருவன்மேல் கடமையாகச் சுமத்த முடியாது. அப்படியானால் அவளுக்குக் கடமையே எழவில்லை என்று சொல்லி நான் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் 'முடியாது' என்பது இங்கே என்ன? அவள் கைகால் கட்டிப்போடப்படவில்லை. வேலைக்குப் போகாமல் இருக்க முடியும். கூலி போகும், ஒருவேளை வேலையும் போகும். இது முடியாமை அல்ல, விலை. ஏழைகளின் ஒழுக்கம் முழுவதும் முடியாமைக்கும் விலைக்கும் நடுவிலுள்ள இந்தப் பிரதேசத்தில்தான் நடக்கிறது. நம் நீதி நூல்கள் எதிலும் அந்தப் பிரதேசத்துக்கு வரைபடம் இல்லை. அவளுடைய வாக்கியம் அதைத் துல்லியமாகச் சொன்னது. தெரியாதவரை அவள் போவது ஒரு செயல். தெரிந்தபின் அதே பஸ், அதே மிஷின், அதே போதல். ஆனால் வேறொரு செயல். நான் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது பாதுகாப்பு அல்ல. அதுவரை அவள் செய்துவந்த ஒன்றைக் குற்றமாக மாற்றிக் கொடுத்தேன்.

சட்டம் அப்போது என்ன சொன்னது என்றும் பார்த்தேன். 1948ஆம் வருஷத்திய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டப்படி, நோயில் படுத்த தொழிலாளிக்குச் சராசரிக் கூலியில் 70 சதவிகிதம், வருஷத்தில் 91 நாள்வரை கிடைத்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் கிடைத்தது. நல்ல சட்டம். ஆனால் சந்தா செலுத்திய நாட்கணக்கு வேண்டியிருந்தது, மருத்துவர் சான்று வேண்டியிருந்தது. பட்டையில் வந்த கோடு சான்று ஆகவில்லை. வீட்டில் கோடு வந்தால் நோய் உறுதி, மறுசோதனைகூட வேண்டாம் என்று மருத்துவக் கழகம் சொன்ன அதே உண்மை, கூலி கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் உண்மையாக இல்லை. தவிர, அவள் நோயாளியே அல்ல. அவள் பையன், நோய் வந்திருக்கலாம் என்ற நிலையில் உள்ள ஒரு குழந்தை. காய்ச்சல் குழந்தையோடு ஒரு தாய் வீட்டில் தங்கும் நாளுக்கு அந்தச் சட்டத்தில் பணம் இருக்கவில்லை.

மற்ற தேசங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது ஒப்பிட உதவும். இங்கிலாந்தில் 2021 மார்ச்சில் பள்ளிகள் திறந்தபோது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுப் பெரியவர்களும் வாரம் இருமுறை வீட்டில் சோதித்துக்கொள்ளும்படி இலவசமாகவே பட்டைகளைக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் 2021 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வீட்டுக்கு ஆறு கருவிகள் தபாலில் வந்தன. நம் அறிவுரை அப்படிச் சோதிக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நாலு பேர் கொண்ட குடும்பம் வாரம் இருமுறை சோதிக்க எட்டுப் பட்டை, இரண்டாயிரம் ரூபாய். ஓசூரில் அந்தத் தொகைக்கு ஒரு வாரம் முழுக்க உழைக்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியிலிருந்து, குறைந்த வருமானக்காரர் தனித்திருக்க நேர்ந்தால் 500 பவுண்ட் என்று ஓர் ஏற்பாடும் இருந்தது. கேட்ட எல்லோருக்கும் கிடைக்கவில்லை, பலரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும், தெரியச்சொல்வதும் தெரிந்தபின் வீட்டில் உட்காரச் செலவு கொடுப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி என்ற நினைப்பாவது அதில் இருந்தது.

நான் அந்தத் தெருவில் செய்தது முதல் பாதி மட்டும்.

*

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதன் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லக் கூடாது. அவள் வீட்டில் வயதான மாமியார் இருந்தார். கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர். அவள் கூலியைப் போலவே அவர்களின் உயிரும் கணக்கில் சேரும். உண்மையைச் சொன்னால் சொல்பவனுக்கும் கேட்பவளுக்கும் கஷ்டம் என்பதால் சொல்லாமல் விடலாம் என்று ஆரம்பித்தால், கடைசியில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. ஏழைகளுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது என்ற வாதம், அவர்களைத் தெரியாமல் வைத்திருப்பவர்களின் வாதத்தோடு போய்ச் சேர்ந்துவிடும். இவை எல்லாம் உண்மை. ஆகவே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்ற அவள் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும், இரண்டு நாள் முன்னாலேயே.

ஆனால் அவள் தீர்ப்பை ஏற்காமல் அவளுடைய நியாயத்தை ஏற்க வழி இருக்கிறது. சொல்வது என்பது வார்த்தையோடு முடிந்துவிடும் காரியம் என்று நான் எண்ணியிருந்தேன். எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரமை எளிதில் வரும். உண்மையை வெளியில் வைத்துவிட்டால் நம் பங்கு தீர்ந்தது, அதைக்கொண்டு உலகம் ஏதாவது செய்துகொள்ளட்டும் என்ற மனோபாவம். அந்த ராத்திரி தெருவில் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஏற்பட்டது ஒரு லேசான தன்மை. சுமை இறங்கிய தன்மை. அந்த லேசுதான் எனக்கு எதிரான சாட்சி. இறங்கிய சுமை எங்கே போயிற்று? நாலு வீடு தள்ளிப் போயிற்று. அறிவைப் பகிர்ந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு, அறிவின் செலவை முழுவதுமாக அவளிடம் தள்ளிவிட்டேன். வேப்பிலையில், எவ்வளவோ கோணல்களோடும் இருந்து, என்னிடம் இல்லாமல்போனது அதுதான். அடையாளத்தைப் பார்த்தவனும் அடையாளத்தைக் கட்டியவனும் செலவில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள், திண்ணையில் வைத்த ஒரு செம்புக் கூழ் அளவுக்காவது.

பட்டையில் 'சி' கோடு இருக்கிறது. சோதனை ஒழுங்காக நடந்தது என்று அது தானே சொல்லிக்கொள்கிறது. நான் ஒழுங்காக நடந்தேனா என்று சொல்லும் கோடு எனக்குள் இல்லை. சுமை இறங்கிய உணர்வை நான் அந்தக் கோடாக எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் நாம் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலை பஸ் சத்தம் கேட்டு நான் விழித்துத்தான் இருந்தேன். ஐந்து நாள் நீ வீட்டிலிரு, கூலியை நான் தருகிறேன் என்று வியாழன் ராத்திரியே சொல்லியிருக்கலாம். என்னால் முடியாத தொகையும் அல்ல. அவள் வாங்கியிருக்கமாட்டாள் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வாங்குவதும் மறுப்பதும் அவள் பாடு. சொல்வது என் பாடு. அந்த வாக்கியம் எனக்கு அன்று தோன்றவே இல்லை. அவளுக்கு ஒரு நாள் கூலி என்ன என்று அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.